ஷேக் அப்துல்லாவும் கொடைக்கானலும்

கொடைக்கானலுக்கு டூர் போய் வந்த கல்லூரி மாணவர்களைக் கேட்டால் ஏரி, தூண் பாறை, கோக்கர்ஸ் வாக், குணா குகை என்று வரிசையாகச் சொல்வார்கள். கோஹினூர் பங்களாவைச் சொல்பவர்கள் குறைவு. அறுபதுகளில் 'காஷ்மீர் சிங்கம்' ஷேக் அப்துல்லாவைக் காவலில் வைத்திருந்த இடம் அது.

சர்வதேசப் பாதுகாப்பு, ராணுவ வியூகம் என்று படிக்கிற நம்மூர் மாணவர்களின் கட்டுரைகளில் 1965 என்றதும் அசல் உத்தர் டாங்கிப் போர், ஹாஜி பீர் கணவாய், தாஷ்கண்ட் ஒப்பந்தம் எல்லாம் வந்துவிடும். யார் ஜெயித்தது என்ற சண்டையும் கூடவே வரும். போருக்குச் சில மாதங்கள் முன்பே பிடிக்கப்பட்டு, காஷ்மீரிலிருந்து இத்தனை தூரம் கொண்டுவரப்பட்ட மனிதரைப் பற்றி ஒரு வரி இருக்காது. பாதுகாப்பு என்றால் டாங்கியும் எல்லைக்கோடும் மட்டும்தானா?

நடந்தது இதுதான். 1964 ஏப்ரலில் ஷேக் விடுதலையானார். மே மாதம் சென்னைக்கு வந்து ராஜாஜியைப் பார்த்தார். பிறகு பாகிஸ்தான் போய் அயூப் கானோடு பேசினார். அவர் அங்கே இருக்கும்போதே, மே 27-இல் நேரு இறந்துபோனார். அந்த முயற்சியும் அதோடு போயிற்று. மறு வருடம் ஹஜ் பயணமாக வெளிநாடு போனவர், அல்ஜியர்ஸில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். 1962-இன் காயம் ஆறவில்லை; 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு வேறு வெடித்திருந்தது; கட்ச் ரண் பகுதியில் பாகிஸ்தானோடு மோதல். டெல்லி சும்மா இருக்குமா? 1965 மே 8-ஆம் தேதி டெல்லியில் வந்து இறங்கியதும் கைது. முதலில் ஊட்டி, பிறகு கொடைக்கானல். சிறை என்று சொல்ல முடியாது, பங்களாதான். ஆனால் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, அனுமதியில்லாமல் யாரும் பார்க்கவும் முடியாது.

பயன்பட்டது இந்தியப் பாதுகாப்பு விதிகள். சீனாவோடு சண்டை நடந்தது ஒரு மாதம். அதற்காக 1962 அக்டோபரில் அறிவித்த நெருக்கடி நிலை 1968 ஜனவரி வரை நீடித்தது! அதே 1965-இல், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது மு.கருணாநிதியைப் பாளையங்கோட்டைச் சிறையில் தனிமையில் அடைத்ததும் இதே சட்டத்தைக் கொண்டுதான். காஷ்மீர் விஷயம் நமக்கெதற்கு என்று நினைக்கிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கலாம்.

சரி, அவரை அடைத்தது தப்பா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆகஸ்டில் பாகிஸ்தான் 'ஆபரேஷன் ஜிப்ரால்டர்' என்று ஆயுதம் தாங்கியவர்களை ஊடுருவ விட்டது. பள்ளத்தாக்கு மக்கள் கிளர்ந்தெழுவார்கள் என்பது கணக்கு. யாரும் எழவில்லை, பல இடங்களில் உள்ளூர்க்காரர்களே தகவல் கொடுத்தார்கள். தலைவரை அப்புறப்படுத்தியதால்தான் அமைதி இருந்தது என்று ஒரு மாணவர் வாதிடலாம். தலைவரைப் பிடித்து வைத்திருந்தும் மக்கள் பாகிஸ்தான் பக்கம் போகவில்லையே, அப்புறம் எதற்கு அந்தப் பயம் என்று இன்னொருவர் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்குத்தான் வலு அதிகம்.

இது போன்ற காவல் அரசுக்கு வாங்கித் தருவது அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தை வைத்து என்ன செய்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். 1966-இல் தாஷ்கண்டில் ஒப்பந்தம் ஆனது, அதற்குப் பிறகும் ஷேக் கொடைக்கானலில்தான். அவரை விடுவிக்கச் சொல்லி ஜெயப்பிரகாஷ் நாராயண் அந்த வருடமே இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதினார். பலனில்லை. 1967 தேர்தல் ஷேக் இல்லாமலே நடந்தது. காஷ்மீரில் பல தொகுதிகளில் காங்கிரஸுக்குப் போட்டியே இல்லை. போட்டியில்லாத வெற்றியை யார் மதிப்பார்கள்? கடைசியில் டெல்லிக்கு மாற்றி, 1968 ஜனவரி 2-இல் விடுதலை செய்தார்கள். 1975 பிப்ரவரியில் அதே இந்திரா காந்தி அதே ஷேக்கோடு உடன்பாடு செய்து முதல்வராக்கினார்.

1971-இல் பாகிஸ்தான் தோற்று இரண்டாக உடைந்த பிறகுதானே ஷேக் இறங்கி வந்தார், முன்பே பேசியிருந்தால் நடந்திருக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்காக 1965 முதல் 1968 வரை பேசாமலே இருந்தது வியூகம் ஆகிவிடாது. பேசிப் பார்த்துத் தோற்றது வேறு, பேசாமலே விட்டது வேறு.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. முதல்வரான ஷேக்கின் ஆட்சியில்தான் 1978-இல் காஷ்மீரின் பொதுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மரக் கடத்தல்காரர்களை அடக்க என்று சொன்னார்கள். 2019 செப்டம்பரில் அவர் மகன் ஃபரூக் அப்துல்லா மீதும், 2020 பிப்ரவரியில் பேரன் உமர் மீதும் அதே சட்டம் பாய்ந்தது. 2020 மார்ச்சில் இருவரும் வெளியே வந்தார்கள். 2024 அக்டோபரில் உமர் முதல்வர். நடுவில் கிடைத்த அவகாசம் எப்படிப் போயிற்று என்று இப்போதும் கேட்கலாம்.

ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்களுக்கு ஒன்று: டெல்லிக் கோப்புகளை டெல்லி மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த வருடங்களில் கொடைக்கானலில் வாழ்ந்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது இருக்கும். அவர்களிடம் போய்த் தமிழில் கேட்டு எழுதி வைக்க நம்மூர் ஆட்களால்தான் முடியும்.