பொருத்தனைக்குப் பின்வரும் மூன்று நாட்கள்

புத்தளம் கரையோரத்தில் மதுவுக்கு எதிராகப் பேசுவது புதிதன்று. மறையுரைகளிலும் தவக்காலத் தியானங்களிலும் ஆண்டுதோறும் அது பேசப்பட்டே வருகிறது. ஆயினும், குடியை விட்டவர் அடுத்த மூன்று நாட்களை எவ்வாறு கடப்பார் என்பதைப் பற்றி நாம் பேசுவதேயில்லை.

தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் மார்ச், ஆகஸ்ட் பெருவிழாக்களில், தாயோ மனைவியோ அருகில் நிற்க, இனித் தொடமாட்டேன் என்று பொருத்தனை செய்வோர் உண்டு. அப்பொருத்தனையை இகழ எவருக்கும் உரிமையில்லை. ஆனால், பல்லாண்டுகள் நாள்தோறும் சாராயமோ கசிப்போ அருந்தியவருடைய மூளையும் நரம்புகளும் மதுவுக்கு இசைந்து பழகிவிட்டன. அதனைத் திடீரென நிறுத்தினால் சில மணித்தியாலங்களிலேயே கை நடுங்கும், வியர்க்கும், வாந்தி வரும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு உண்டாகலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றும், காய்ச்சல் ஏறும், இதயத் துடிப்புச் சீர்குலையும். சிகிச்சையின்றி விட்டால் உயிரும் போகலாம். இதனைப் பேயின் சேட்டை என்றெண்ணி, வைத்தியசாலையைத் தவிர்த்து வேறிடம் கொண்டுசெல்வது பெருந்துயரம். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் பல்நாள் படகொன்றில் இது நேர்ந்தால், உடனிருப்பவர்கள் என்னதான் செய்வார்கள்?

ஆகவே தொடர்ந்து குடிக்கலாம் என்பது பொருளன்று. 2019 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 26 இலட்சம் பேர் மதுவினால் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணித்துள்ளது. விடவேண்டும், ஆனால் வைத்தியரின் துணையோடு விடவேண்டும்.

நீதிமொழிகள் நூலின் 23 ஆம் அதிகாரம், குடிபோதையில் கிடப்பவனை நடுக்கடலில் பாய்மர உச்சியில் படுத்திருப்பவனுக்கு ஒப்பிடுகிறது. மீனவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அடிபட்டதையும் உணராத அவன், விழித்ததும் மீண்டும் மதுவையே தேடுவான் என்றும் அங்கே காண்கிறோம். அடிமையாதல் என்று மருத்துவம் இன்று கூறும் நோயின் இலக்கணம் அதுவே. நாமோ அதனை ஒழுக்கக்கேடு என்று கண்டிப்பதோடு நின்றுவிடுகிறோம்.

போதைப்பொருளின் நிலையும் இதுவே. கற்பிட்டிக் கடற்பரப்பில் கடத்தல் பொருட்களைக் கடற்படையினர் பலமுறை கைப்பற்றியுள்ளனர். 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஐஸ் கடத்தலுக்கும் கடுந்தண்டனை விதித்தது. சட்டம் கடத்துபவரைத் தண்டிக்கும். இரவுத் தூக்கத்தை விரட்டவென்று அதனைத் தொட்டு அகப்பட்ட இளைஞரைக் குணமாக்காது. ஹெரோயினைச் சில வாரங்கள் விட்டிருந்தவர் பழைய அளவையே மீண்டும் எடுப்பாராயின், தாங்கும் ஆற்றலை உடல் இழந்திருப்பதால் மூச்சு நின்றுவிடக்கூடும். ஐஸை விட்டவரையோ கடுஞ்சோர்வும் தற்கொலை எண்ணமும் வாட்டும். விட்ட பின்னரே துணை அதிகம் வேண்டும்.

நல்ல சமாரியர் காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்ததோடு போய்விடவில்லை. (மதுவுக்கு அங்கே மருந்தின் வேலை மட்டுமே!) அடிபட்டவரைச் சத்திரத்தில் சேர்த்தார், பணம் கொடுத்தார், திரும்பி வருவதாகவும் சொன்னார்.

பங்கு மக்களுக்கும் இது இயலாததன்று. பொருத்தனை செய்ய விரும்புபவரைப் பங்குச்சபையினர் இருவர் முன்கூட்டியே புத்தளம் அல்லது சிலாபம் அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லலாம். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்துகளும், மூளையைக் காக்கும் தயமின் என்னும் விற்றமின் பி1 ஊசியும் இதற்கென உள்ளன. சம்மாட்டிமார் அவரை அந்த வாரம் கடலுக்கு அழைக்காமல், வீட்டுச் செலவுக்கு முற்பணம் கொடுக்கலாம். பெருவிழா இரவில் அவருக்குப் போத்தலை நீட்டும் நண்பர்களை என்ன செய்வதென்பதையும் பங்குச்சபை யோசிக்கட்டும். அது மருந்தைவிடக் கடினமான காரியம்.

தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தொலைபேசி எண் 1927. தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. இவ்விரண்டையும் ஆலய அறிவித்தற் பலகையில், திருப்பலி நேரங்களுக்குக் கீழே எழுதிவைக்கலாம்.