அறிவியல் புரிதலை அளக்கும் கோல்

நெல்லை மரக்காலால் அளக்கலாம். நிலத்தைச் சங்கிலியால் அளக்கலாம். ஒரு நாட்டு மக்களின் அறிவியல் புரிதலை எதனால் அளப்பது?

பிரிட்டனில் 1988ஆம் ஆண்டு இதற்கென ஓர் ஆய்வு நடைபெற்றது. அதன் முடிவுகள் அடுத்த ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியாயின. பூமியே சூரியனைச் சுற்றுகிறது, அதற்கு ஓராண்டு ஆகிறது என்னும் இரண்டையும் சரியாகக் கூறியோர் பிரிட்டனில் 34 விழுக்காட்டினர். அமெரிக்காவில் 46 விழுக்காட்டினர். நியூட்டன் பிறந்த நாட்டிலா இந்நிலை என எவருக்கும் வியப்புத் தோன்றும்.

இத்தகைய வினாக்கள் பயனற்றவை அல்ல. ஆன்டிபயாட்டிக் மருந்து பாக்டீரியாவை அழிக்கும், வைரசை அழிக்காது. இதனை அறியாதவர் வைரசால் வரும் சளிக்கும் அம்மருந்தை நாடுவார். ஆயினும், சரியான விடைகளின் எண்ணிக்கை மட்டுமே புரிதல் ஆகிவிடாது. பாடத்தில் படித்ததை நினைவிலிருந்து ஒப்பிப்பவரும், சான்றுகளைச் சீர்தூக்கி ஏற்றுக்கொண்டவரும் இவ்வினாக்களுக்கு ஒரே மதிப்பெண்ணைப் பெறுவர்.

அளவுகோல் பிழையானால் அதன் விளைவும் பிழையாகும். மதிப்பெண் குறைந்த மக்களை வெற்றுக் குடங்களாகக் கருதும் மனப்போக்கு அதனால் வளரும். 1986ஆம் ஆண்டு செர்னோபில் அணு உலை விபத்தின் கதிரியக்கச் சீசியம், மழையோடு இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்பகுதியில் படிந்தது. அங்குள்ள ஆடுகளை விற்கத் தடை விதிக்கப்பட்டது. தடை மூன்றே வாரங்களில் நீங்கும் என அறிவியலாளர் நம்பினர். களிமண் நிலத்துக்குப் பொருந்திய அக்கணிப்பு, அமிலத்தன்மை மிகுந்த அம்மலை மண்ணுக்குப் பொருந்தவில்லை. கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 2012இல்தான்! இடையில் ஆடுகளை அடைப்புக்குள் வைத்து ஒரு சோதனை நடத்தினர். மலையில் மேய்ந்து பழகிய ஆடுகள் அடைப்பில் நலங்குன்றும், சோதனை பயன்தராது என உழவர்கள் எடுத்துரைத்தனர். அச்சொல் ஏற்கப்படவில்லை. பின்னர் அச்சோதனையே கைவிடப்பட்டது. அவ்வுழவர்களுக்கு அணுவைப் பற்றித் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் பற்றி அவர்கள் அறிந்திருந்ததை எந்த வினாத்தாள் அளந்தது?

எனவே, 'என்ன தெரியும்?' என்பதோடு 'எவ்வாறு தெரியும்?' என்றும் கேட்க வேண்டும். அமெரிக்க ஆய்வுகளில் இடம்பெறும் வினா ஒன்று இவ்வகையில் சிறந்தது. ஒரு மருந்தின் பயனை அறிய, நோயாளிகள் 1000 பேருக்கும் அதனைக் கொடுத்துப் பார்ப்பதா, 500 பேருக்குக் கொடுத்து, கொடுக்கப்படாத 500 பேரோடு ஒப்பிடுவதா? இதற்கு விடை கூற மனப்பாடம் உதவாது, சிந்தனையே உதவும்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் ஆய்ந்தறியும் உணர்வையும் வளர்ப்பதைக் குடிமக்களின் கடமையாக்கியுள்ளது. செய்திகளைச் சேர்த்து வைப்பது அன்று, ஆய்ந்தறிவதே அங்குக் கடமை. அக்கடமை அறிவியலாளருக்கும் உரியது. மக்கள் அறிவியலை எவ்வளவு அறிந்துள்ளனர் என்று அளப்போர், அறிவியலாளர் மக்களை எவ்வளவு அறிந்துள்ளனர் என்பதையும் அளத்தல் வேண்டும்.