தோர்கலும் விசைத்தறியும்

"இப்ப என்னடா படிச்சிட்டு இருக்க?"

மாயாஜாலக் கதை, அறிவியல் புனைகதை என்று அலையும் நண்பர் கூட்டத்தில் இந்தக் கேள்விக்கு முன்பெல்லாம் ஒரு புத்தகமே பதிலாக வரும். அட்டை கிழிந்து, முதல் பக்கத்தில் யாருடைய பெயரோ எழுதி அடித்திருக்கும். இப்போது வருவது பி.டி.எஃப். "மச்சி, ஜீனோ இருக்கா?" என்று வாட்ஸ்அப்பில் ஒருத்தன் கேட்டால் போதும். பத்து நிமிஷத்தில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ', கூடவே அவன் கேட்காத முப்பது புத்தகம் வந்து விழும். அனுப்பியவனும் அதில் முக்கால்வாசியைத் திறந்திருக்க மாட்டான் என்பது வேறு விஷயம்.

எல்லா ஊரிலும் நடப்பதுதானே என்பீர்கள். ஆனால் ஆரணியில் நடக்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது. காரணம் தறி.

ஒரு பட்டுப் புடவையின் கரையும் முந்தியும் முதலில் கட்டம் போட்ட தாளில் வரையப்படுகின்றன. அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டைகளில் ஓட்டை போடுகிறார்கள். அட்டைகளை வரிசையாகக் கோர்த்துத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், எந்த இழை தூக்க வேண்டும், எது கீழே இருக்க வேண்டும் என்பதை ஓட்டைகளே முடிவு செய்யும். (1804-இல் பிரான்சில் ஜக்கார்டு செய்த இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் எந்திரத்துக்கு ஓட்டை அட்டை யோசனையை எடுத்துக்கொண்டார். ஆக, ரோபோ கதை படிக்கும் ஆரணிப் பையன்கள் கம்ப்யூட்டரின் பாட்டனுக்குக் கீழேதான் வளர்கிறார்கள்!) வரைவதற்கும் அட்டை தயாரிப்பதற்கும் ஆகும் உழைப்பு, ஒரு புடவை நெய்தாலும் ஒன்றுதான், நூறு நெய்தாலும் ஒன்றுதான்.

அப்படி உருவான டிசைன் நன்றாக ஓடினால் என்ன ஆகும்? அதே கரை விசைத்தறியில் இறங்கும், பாதி விலைக்கு. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இருந்தும் நெசவாளர் வீடுகளில் இந்தப் புலம்பல் ஓயவில்லை. "நம்ம டிசைனை எவனோ சுட்டுட்டான்" என்று அப்பா திண்ணையில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே பிள்ளை 'தோர்கல்' ஸ்கேனை நாலு குரூப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான். இரண்டும் ஒரே காரியம் என்று அவனிடம் சொன்னால் கோபம்தான் வரும்.

தோர்கலைத் தெரியாதவர்களுக்கு: வைக்கிங்குகளிடம் வளர்பவன், ஆனால் நட்சத்திரங்களிலிருந்து வந்த குலத்தின் பிள்ளை. மாயாஜாலமும் விண்கலமும் ஒரே கதையில். வான் ஹாம் எழுதி ரோசின்ஸ்கி வரைந்து 1977-இல் தொடங்கிய தொடர். தமிழில் கொண்டுவந்தவர்கள் சிவகாசியின் லயன்-முத்து காமிக்ஸ்காரர்கள். 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது, 1984-இல் லயன். மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக் கை மட்டும் தெரிய உடம்பு மறைந்துபோகும் அந்த மாயாவியைப் படிக்காத அப்பாக்கள் குறைவு.

இந்தக் காமிக்ஸ்கள் பெரும்பாலும் சந்தாவை நம்பி வருகின்றன. ஐரோப்பியப் பதிப்பாளருக்கு உரிமைத்தொகை, மொழிபெயர்ப்பு, அச்சுக்கான ஏற்பாடு எல்லாம் முதலிலேயே செலவாகிவிடும். பி.காம். முதல் வருஷத்தில் வரும் நிலையான செலவு! ஐந்நூறு பேர் வாங்கினாலும் ஐயாயிரம் பேர் வாங்கினாலும் அது குறையாது. வாங்குபவர் குறையக் குறைய மிச்சமிருப்பவர் தலையில் விலை ஏறும். விலை ஏறிவிட்டது என்று சொல்லி இன்னும் பத்து பேர் ஸ்கேனுக்குப் போவார்கள். கடைசியில் தொடர் நிற்கும். 'தமிழில் ஃபேன்டஸியே வருவதில்லை' என்று முதலில் அலுத்துக்கொள்வதும் இதே கூட்டமாகத்தான் இருக்கும்.

புத்தகத்தை இரவல் கொடுத்தாலும் எழுதியவருக்குக் காசு போவதில்லையே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இரவல் போன பிரதி ஒன்றே ஒன்று. அது ஒருவர் கையில் இருந்தால் இன்னொருவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுக்காதவர் கடைக்குப் போவார். தவிர, கொடுத்தவன் சும்மா இருக்க மாட்டான். "எந்த இடத்துல இருக்க? ஜீவா யாருன்னு தெரிஞ்சிடுச்சா?" என்று நச்சரிப்பான். அந்த நச்சரிப்புக்காகவே படித்து முடித்தவர்கள் உண்டு. முப்பது ஃபைல் அனுப்பியவன் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

எங்குமே கிடைக்காத பழைய அம்புலிமாமாவையும், மறுபதிப்பு காணாத காமிக்ஸையும் ஸ்கேன் செய்து காப்பாற்றியவர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம். அவர்கள் இல்லையென்றால் அவை கரையானுக்குப் போயிருக்கும். கல்கி மாதிரி நாட்டுடைமை ஆனவர்களின் எழுத்தையும் தாராளமாக அனுப்பலாம், 'மதுரைத் திட்ட'த்தில் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கிறது. சுஜாதா கதை வேறு. அவர் மறைந்தது 2008-இல். ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு காப்புரிமை என்பது இந்தியச் சட்டம், ஆக 2068 வரை உரிமை குடும்பத்துடையது. அவருடைய புத்தகங்கள் கடையிலும் கிடைக்கின்றன. ஜெயமோகனின் 'விசும்பு' மாதிரி தமிழில் அபூர்வமாக வரும் அறிவியல் கதைத் தொகுப்புகள் நிலைமை இன்னும் மோசம். நூறு பேர் வாங்காமல் விட்டாலே பதிப்பாளர் அடுத்த பதிப்புக்கு யோசிப்பார்.

காசு இல்லை என்பது உண்மைதான். கல்லூரிப் பையனிடம் காமிக்ஸ் சந்தாவுக்கு எங்கே பணம்? ஆனால் நாலு பேர் சேர்ந்தால் ஒரு சந்தா கட்டிவிடலாம், ஆளுக்கு மாதம் இரண்டு பிரியாணியைக் குறைத்தால் போதும். பார்சல் வந்ததும் யார் முதலில் படிப்பது என்ற சண்டை மட்டும்தான் பாக்கி. அதற்குச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள் :-)