பூஜ்யத்தில் 20 சதம்

நோய்த்தொற்று வந்தபோது 'சமூக இடைவெளி' விடச் சொன்னார்கள். காவிரிக் கரையில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே வயலை விட்டு, வாய்க்காலை விட்டு அந்த இடைவெளியை எப்பவோ வைத்தாயிற்று. பட்டினியும் பழசுதான். புதுசாக வந்தது கடைக்குப் பூட்டு.

2018 நவம்பர் 16, கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை சாய்ந்தது. கீற்று முடைகிற வேலையும் போனது. நம் பெண்கள் சிலர் தோட்டை விற்று இட்லிக்கடை, கருவாட்டுக்கூடை என்று கால் ஊன்றினார்கள். பதினாறே மாதத்தில் ஊரடங்கு.

பிறகு 20 லட்சம் கோடி அறிவிப்பு. அதில் சிறுதொழிலுக்கு அடமானமில்லாக் கடன் 3 லட்சம் கோடி. யாருக்கு? 2020 பிப்ரவரி 29 அன்று ஏற்கெனவே கடன் நிலுவை வைத்திருந்தவருக்கு, அந்த நிலுவையில் 20 சதம். வங்கிப் படியே ஏறாதவளுக்கு? பூஜ்யத்தில் 20 சதம் எவ்வளவுய்யா?

தெருவியாபாரிக்கு 10,000 ரூபாய் என்று 2020 ஜூனில் வந்த திட்டமும் நகரத்துக்கும் அதை ஒட்டிய பகுதிக்கும்தான். சேரிக்குள் பெட்டிக்கடை வைத்தவள் அந்தக் கணக்கில் இல்லை. அவளுக்கு மிஞ்சியது குழுக்கடன். ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றது ரிசர்வ் வங்கி. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை.

கடன் கிடைத்தால் போதும் என்கிற தோழர்களுக்கும் ஒரு கேள்வி. சேரிக்காரி சுட்ட இட்லியை ஊர்த்தெரு வாங்கித் தின்னுமா? சேரிதான் அவள் சந்தை. நடவுக்கூலி வந்தால் வியாபாரம். எந்திரம் நட்டால் அதுவும் இல்லை. சந்தையை அடைத்துவிட்டுக் கடன் கொடுத்தால் வட்டிதான் மிச்சம்.

2023 இல் மாநில அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதம் மானியம். வேண்டாம் என்று சொல்லவில்லை. மீதி 65 சதத்துக்கு மறுபடி அதே வங்கி வாசல்தானே?

1968 இல் கூலி நெல் கூடக் கேட்டதற்கு வெண்மணியில் 44 உயிரை எரித்த மண் இது. இங்கே கடை கேட்பதும் உரிமைப் போர்தான். சத்துணவுக்கும் விடுதிக்கும் காய்கறியை நம் பெண்களிடம் வாங்கு. வாரச்சந்தையில் நடுமையத்தில் இடம் கொடு. நிலுவை இல்லாதவருக்கும் கடன் கொடு என்று கேட்போம்.

மாணவத் தோழர்களே, விடுமுறைக்கு ஊர் வரும்போது சேரிக்கடைகளைக் கணக்கெடுங்கள். வங்கி வாசலில் அவளைத் தனியாக நிற்க விடாதீர்கள். டீக்கடையில் ஒரே டம்ளர் கேட்ட நாம், சந்தையிலும் அதைக் கேட்காமல் விடுவதா?