நடந்த கணக்கு வேற, தின்ன கணக்கு வேற

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்ட விஷயம் இது. எடை குறைக்கிறேன்னு காலங்காத்தால எழுந்து நடக்கிற, நடந்தும் குறையாத ஜீவன்கள் எல்லாம் முன்வரிசைக்கு வாங்க. நாள் முழுக்க உக்காந்து தட்டுற நம்ம கூட்டத்துல பின்வரிசை காலியாத்தான் இருக்கும்னு தெரியும் :-)

போன வருஷம் ஜனவரியில ரத்தம் குடுத்தேன் (தானம் இல்லீங்க, டெஸ்ட்டுக்கு). ஹெச்பிஏ1சி 6.2. 5.7-ல இருந்து 6.4 வரைக்கும்னா சர்க்கரை வாசல்ல வந்து நிக்குதுன்னு அர்த்தம். 6.5 ஆச்சுன்னா உள்ள வந்து உக்காந்துருச்சு. எனக்கு வயசு 46, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 82 கிலோ. "அஞ்சாறு கிலோ குறைங்க, தினம் நடங்க"ன்னு டாக்டர் சொன்னார். ரெண்டே வரி.

எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஒரு டாக்டர் சொல்லியிருப்பார். அப்பா கேக்கல. கடைசி ஆறு வருஷம் கண்ணு மங்கிப் போய், பேப்பரை அம்மாதான் படிச்சுக் காட்டுவாங்க. தலைப்பு மட்டும் படிச்சாப் போதும்பார் அப்பா. அந்த ஞாபகம் வந்ததும் பயம் வந்துருச்சு. மறுநாளே ஷூ, கைக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச், போன்ல கலோரி எழுதுற ஆப். நாகேஸ்வர ராவ் பூங்காவுல காலையில முக்கால் மணி நேரம் நடை. மழை வந்தாக்கூட விடல.

அஞ்சு மாசம் கழிச்சு எடை பாத்தேன். 82.5.

தங்கமணி கிட்ட, "நாளையில இருந்து போகல. அந்த நேரத்துக்குத் தூங்கினாலாவது புண்ணியம்"னேன். நெஜமாவே அன்னிக்கு நிறுத்தியிருப்பேன். நிறுத்தாததுக்குக் காரணம், எங்க வாக்கிங் கோஷ்டியில இருக்கிற ஒரு அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், பேங்குல இருந்து ரிடையர் ஆனவர். என் போனை வாங்கிப் பாத்துட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "தம்பி, சம்பளத்துல கிராஸைப் பாத்தா செலவு பண்ணுவீய? கைக்கு வாரதப் பாத்தா?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு.

இந்த ஆப்கள்ல 'நெட் கலோரி'ன்னு ஒண்ணு வரும். சாப்பிட்டதுல இருந்து உடற்பயிற்சியில எரிச்சதைக் கழிச்சா வர்ற மிச்சம். இன்னிக்கு 1,800 சாப்பிட்டேன், 300 எரிச்சேன், நெட் 1,500. கேக்க எவ்வளவு நியாயமா இருக்கு! அதுலயும், நடந்து முடிச்ச உடனே "இன்னும் 290 கலோரி சாப்பிடலாம்"னு பச்சைக் கலர்ல ஒரு வரி வரும் பாருங்க, போனஸ் வந்த மாதிரி இருக்கும். எங்க கோஷ்டி நேரா ரெண்டு தெரு தள்ளி இருக்கிற மெஸ்ஸுக்குப் போகும். ரெண்டு மெதுவடை, ஒரு காப்பி. நடந்தாச்சுல்ல!

இப்ப அண்ணாச்சி கணக்கு.

சும்மா உக்காந்திருந்தாலே உடம்பு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவழிக்கும். இதை 1 மெட்னு வச்சிருக்காங்க. மணிக்கு அஞ்சு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா நடந்தா சுமார் 3.5 மெட். அப்ப 82 கிலோ ஆளு முக்கால் மணி நேரம் நடந்தா 82 x 3.5 x 0.75, அதாவது 215 கலோரி. ஆனா நான் அந்த முக்கால் மணி நேரம் வீட்ல ஈஸிசேர்ல கிடந்திருந்தாலும் 61 கலோரி போயிருக்குமே? அது நடையோட சம்பாத்தியம் இல்லையே? அதைக் கழிச்சா மிச்சம் 154 தான். 215 கிராஸ், 154 கைக்கு வர்றது.

வாட்ச் காட்டினது 290. அது எங்க இருந்து வந்துச்சுன்னு அந்த வாட்சுக்கே வெளிச்சம். 2017-ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல 60 பேருக்கு ஏழு வகை கைப்பட்டை கட்டிச் சோதிச்சாங்க. இதயத் துடிப்பை ஏழுல ஆறு நல்லாவே அளந்துச்சு. கலோரியில, இருக்கிறதுலயே நல்லதுக்கே சராசரியா 27 சதவீதம் தப்பு. மோசமானதுக்கு 93 சதவீதம். கருவிகள் அதுக்கப்புறம் எவ்வளவோ மாறியிருக்கு, ஆனா மணிக்கட்டுல ஒளி அடிச்சு உடம்பு எரிக்கிறதை ஊகிக்கிற வேலை இன்னும் ஊகம்தான்.

இதைவிடப் பெரிய கூத்து ஆப் உள்ளேயே நடந்திருக்கு. முதல் நாள் அது "நீங்க எவ்வளவு சுறுசுறுப்பு?"ன்னு கேட்டுச்சு. நாமதான் தினம் நடக்கப் போறோமேன்னு பெருமையா 'லேசான சுறுசுறுப்பு'ன்னு போட்டேன். அதோட விளைவைப் பாருங்க. என் வயசு, உயரம், எடைக்கு வழக்கமா போடுற சூத்திரப்படி, படுத்தே கிடந்தாலும் உடம்புக்கு வேண்டியது சுமார் 1,658 கலோரி. உக்காந்து வேலை பாக்குறவனுக்கு அதை 1.2-ஆல பெருக்கணும்: 1,989. லேசான சுறுசுறுப்புன்னா 1.375-ஆல: 2,279. வித்தியாசம் 290!

அதாவது நடைக்கு ஒரு தடவை 290 ஏற்கனவே குடுத்தாச்சு. தினமும் காலையில வாட்ச் இன்னொரு 290 குடுக்குது. ஒரே வவுச்சரை ரெண்டு தடவை பாஸ் பண்ணின கதை. "பேங்குல இப்படிப் பண்ணியிருந்தா என்னைய வீட்டுக்கு அனுப்பியிருப்பாவ"ன்னார் அண்ணாச்சி.

எனக்கு நாளைக்கு 500 குறைக்கணும்னு திட்டம். 2,279-ல 500 போனா 1,779, அதோட வாட்ச் குடுத்த 290. மொத்தம் 2,069 சாப்பிடலாம்னு ஆப் சொல்லுது, நானும் ஒழுக்கமா சாப்பிட்டேன். உண்மையில என் செலவு 1,989, நடை 154, ஆக 2,143. வித்தியாசம் வெறும் 74. ஐநூறு மிச்சம் பிடிக்கிறதா நெனச்ச இடத்துல எழுபத்தி நாலு! எழுத மறந்த ஒரு காப்பியில அதுவும் காலி. அஞ்சு மாசம் எடை அசையாததுல என்ன ஆச்சரியம்?

இன்னொண்ணும் இருக்கு. உடம்பு நம்மளவிடக் கெட்டிக்கார கணக்குப்பிள்ளை. நடந்துட்டு வந்த அன்னிக்கு மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம், மாடிக்குப் போக லிஃப்ட், தண்ணி எடுக்கக்கூட "ஏம்மா, கொஞ்சம் கொண்டாயேன்". 2012-ல ஹெர்மன் பொன்ட்சர்ங்கிற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் தான்சானியாவுல வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழுற ஹட்ஸா மக்களோட மொத்த கலோரிச் செலவை அளந்தாங்க. உடம்பு அளவுக்கு ஈடு பண்ணிப் பாத்தா, நாற்காலியில உக்காந்திருக்கிற மேல்நாட்டுக்காரங்களுக்கும் அவங்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. 2021-ல 1,754 பேரோட அளவுகளை வச்சு வந்த ஒரு ஆய்வு, கூடுதலா எரிக்கிறதுல சராசரியா 28 சதவீதத்தை உடம்பு வேற இடத்துல சிக்கனம் பண்ணி மீட்டுக்குதுன்னு சொல்லுது. என் 154-ல அப்படிப் போனா மிச்சம் சுமார் 110. ஒரு வடைக்கே சரியாப் போச்சு :-(

இங்கதான் பல பேர் தப்பான முடிவுக்கு வர்றாங்க. "பாத்தியா, எக்சர்சைஸே வேஸ்ட், வாயைக் கட்டினாப் போதும்." நானும் அதே முடிவுக்குத்தான் வந்து தூங்கப் போனேன். என் கட்சி அது இல்ல. தப்பு நடையில இல்லீங்க, நடையை சாப்பாட்டோட ஒரே நோட்டுல எழுதினதுல.

நம்ம ஊர்லயே இதுக்கு சாட்சி இருக்கு. சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்தின இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006-ல வெளியானது. சர்க்கரை வாசல்ல நின்ன 531 பேர். மூணு வருஷத்துல, ஒண்ணும் செய்யாத குழுவுல 55 சதவீதம் பேருக்கு சர்க்கரை வந்துருச்சு. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும்னு இருந்த குழுவுல 39.3 சதவீதம். இதுல முக்கியமான சங்கதி, அந்தக் குழுவுக்கு எடை சொல்லிக்கிற மாதிரி குறையவே இல்ல! எடை மெஷின் முள் அசையாமலே பலன் கிடைச்சிருக்கு. மெஷினை மட்டும் நம்பி நான் நடையை விட்டிருந்தா, எதுக்காக நடக்க ஆரம்பிச்சேனோ அதையே தொலைச்சிருப்பேன்.

அதனால இப்ப ரெண்டு நோட்டு. நடை நோட்டுல நிமிஷம் மட்டும்தான், கலோரியே கிடையாது. ஆப்ல 'உக்காந்து வேலை'ன்னு மாத்தி, வாட்ச் இணைப்பைப் பிடுங்கியாச்சு. சாப்பாட்டு நோட்டுல 1,750னு ஒரே நம்பர். நடந்தாலும் அதுதான், நடக்காட்டியும் அதுதான்.

சாப்பாட்டு நோட்டு ஆரம்பிச்சப்பதான் வீட்டு எண்ணெய்க் கணக்கு கண்ணுல பட்டுச்சு. நாலு பேருக்கு மாசம் நாலு லிட்டர். ஒரு லிட்டர் சுமார் 920 கிராம், கிராமுக்கு 9 கலோரி. வகுத்துப் பாத்தா ஆளுக்கு நாளைக்கு 276! என் நடையோட முழு சம்பாத்தியத்தைவிட எண்ணெய்ச் சட்டி அதிகம். தங்கமணி ஒண்ணும் பேசாம கரண்டியைத் தூக்கிட்டு ஸ்பூனுக்கு மாறினாங்க. ரெண்டரை லிட்டர்ல மாசம் ஓடுது. ஆளுக்கு நூறு கலோரி, ஒரு அடிகூட நடக்காம. பசங்க இன்னும் கண்டுபிடிக்கல.

ஏழு மாசத்துல 77.5. பேப்பர் கணக்குப்படி பத்து கிலோ போயிருக்கணும், போனது அஞ்சு. நடுவுல தீபாவளி, ரெண்டு கல்யாணம். அதோட ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரின்னு நேர்க்கோட்டுல போடுற கணக்கே சரியில்ல, இளைக்க இளைக்க உடம்போட செலவும் குறையும்னு கெவின் ஹால் குழு 2011-லயே காட்டியிருக்கு. பரவாயில்ல. ஹெச்பிஏ1சி 5.8. இன்னும் வாசல்லதான் நிக்குது, ஆனா திண்ணையில இருந்து இறங்கிருச்சு.

இது எல்லாருக்குமான வேதம் இல்ல. மாரத்தான் ஓடுறவங்க எரிச்சதைத் திரும்பச் சாப்பிட்டே ஆகணும், இல்லாட்டி உடம்பு படுத்துரும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவங்க, டாக்டரைக் கேக்காம சாப்பாட்டைக் குறைச்சுட்டு நடையைக் கூட்டாதீங்க, சர்க்கரை சட்டுனு இறங்கிரும். நான் சொல்றது என்னை மாதிரி முக்கால் மணி நேர வீரர்களுக்கு மட்டும்.

நடையை வடைக்கான டோக்கனா வச்சிருந்தவரைக்கும், வடை தின்ன அன்னிக்கு நடைக்கு அர்த்தம் இல்லாமப் போச்சு. எடை ஏறின அன்னிக்கு நடையே தண்டம்னு தோணுச்சு. பிரிச்சு வச்சப்புறம், வடை தின்னா தின்னதுதான், நடந்தா நடந்ததுதான். ஒண்ணு இன்னொண்ணை அழிக்கிறதில்ல. மறுநாள் காலையில ஷூ மாட்டுறதுக்கு மெஷினோட அனுமதி வேண்டியதில்ல.

டிஸ்கி: மெஸ்ஸுக்கு இப்பவும் போறேன், ஞாயித்துக்கிழமை மட்டும். ஒரு வடை, சாப்பாட்டு நோட்டுல. அண்ணாச்சி ரெண்டு சாப்பிடுறார். கேட்டா, "நமக்கு பென்ஷன் கணக்கு தம்பி, வேற நோட்டு"ங்கிறார் :-))