அயலகத் தமிழ்ப்படத்திற்குத் தாயகத்தில் விருதில்லையா?

புழல், தொண்டைநாட்டின் 24 கோட்டங்களுள் ஒன்றுக்குப் பெயர் தந்த பழம்பதி. அதன் காவாங்கரையில் ஈழத்தமிழர் முகாம் உள்ளது. 2021-இல் தமிழ்நாட்டரசு ‘அகதி’ என்னும் வடசொல்லை நீக்கி, இத்தகு முகாம்களை ‘மறுவாழ்வு முகாம்’ என்றழைக்கப் பணித்தது. நன்று! ஆனால், அம்முகாம் மக்களின் பேச்சு கோடம்பாக்கத்துத் திரையில் எதற்குப் பயன்படுகிறது? பெரும்பாலும் நகைப்பிற்கன்றோ?

ஈழத்தார்க்குப் படமெடுக்கத் தெரியாதா? 1962-இலேயே அங்குச் ‘சமுதாயம்’ வந்தது. 1972-இல் ‘குத்துவிளக்கு’, 1978-இல் செங்கை ஆழியானின் புதினத்தினின்று ‘வாடைக்காற்று’. 1983-இன் இனவெறித் தீயில் கொழும்பையடுத்த விசயா படப்பிடிப்பகம் எரிந்தது. படச்சுருள்கள் பலவும் சாம்பராயின. நூலகம் எரிந்ததை அறிந்த தமிழருள் இதனை அறிந்தோர் எத்தனைபேர்?

மலேசியத் தமிழர் படமான ‘சகாட்’டின் வரலாறு இன்னும் எண்ணத்தக்கது. 2016-இல் அந்நாட்டுத் திரைவிழாவில் மலாய்மொழி அல்லாத படங்களைத் தனியே ஒதுக்கிவைக்க முனைந்தனர். கண்டனம் எழுந்தது, விதி மாறியது, சஞ்சய் குமார் பெருமாளின் அத்தமிழ்ப்படமே சிறந்த மலேசியப் படமெனத் தேர்வுற்றது. பெயர் தமிழன்று என்னும் குறை நமக்குண்டு. அக்குறையைச் சொல்லும் தகுதி கோடம்பாக்கத்திற்கு இல்லை. 2015-இல் பிரான்சு நாட்டின் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தின் உரையாடலில் பெரும்பகுதி தமிழே. தலைமை வேடமேற்றவர் ஈழ எழுத்தாளர் சோபாசக்தி.

அந்தப் பிரெஞ்சுக்காரரைப் பாருங்கள். பாரிசிலுள்ள அயல்நாட்டுச் செய்தியாளர் வழங்கும் இலூமியேர் விருதுகளில், பிரான்சுக்கு வெளியே உருவான பிரெஞ்சுமொழிப் படங்களுக்கென்றே முன்பு ஒரு விருதிருந்தது. கியூபெக்கும் பெல்சியமும் ஆப்பிரிக்காவும் அம்மொழியின் வீட்டில் விருந்துண்டன. இதிற் பேரரசு நெடி வீசுகிறது என்பார் உளர். வீசுகிறதுதான். ஆப்பிரிக்காவிற் பிரெஞ்சுமொழி படையோடு நுழைந்தது. தமிழோ இரப்பர்த் தோட்டக் கூலியின் நாவிலும், உயிர்பிழைக்க ஓடியவன் நாவிலும் கடல் கடந்தது. அடக்கியாண்டவன் உறவு பேணுகிறான், உடன்பிறந்தவன் மறந்திருக்கிறான்!

2009 முதல் 2014 வரையிலான திரைப்பட விருதுகளைத் தமிழ்நாட்டரசு 2022-இல் ஒருசேர வழங்கிற்று. கலைஞர்க்கு ஆண்டுக்கணக்கிற் கடன் வைத்த அக்காலத்தாழ்வு ஒருபுறம் கிடக்க, அவ்விருதுகளுள் அயலகத் தமிழ்ப்படத்திற்கென ஒன்றுமில்லை. சனவரி 12-ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடும் அரசிற்கு இஃது அரிய செயலன்று.

‘சிறந்த அயலகத் தமிழ்ப்படம்’ என ஒரு விருது வேண்டும். தேர்வுக்குழுவில் ஈழத்தாரும் மலேசியத் தமிழரும் இருத்தல் வேண்டும். அவ்வவ் வட்டாரப் பேச்சை அறியாதார் தீர்ப்பளித்தல் தகாது. பரிசுத்தொகை சிறிதாயினும் ஆகுக. தேர்வுற்ற படத்தை விழாவிற்கு முன்னர்க் காவாங்கரை முகாமில் ஒருமாலை கட்டணமின்றித் திரையிடுக. அமைச்சர்களும் அங்கு வந்து அமர்ந்து பார்க்கட்டும்.