பால் சட்டியும் பௌதிக சாஸ்திரமும்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவா கிண்டிய சட்டியைத் தேய்க்கும் கைகளுக்கு மட்டும் இன்னும் யாதொரு குறியீடும் கிடைத்தபாடில்லை!

அண்டையிலுள்ள தளவாய்புரத்தில், ஓர் இல்லத்தில் அத்தகைய சட்டி ஒன்றைக் கண்டேன். மருமகள் குடம் குடமாய்த் தண்ணீர் விட்டாள். அடியில் படிந்த ஏடு அசையவில்லை.

"என்ன அத்தை, இவ்வளவு ஊற்றியும் போகவில்லையே?" என்றாள்.

"கொட்டாதே, அம்மா! சாம்பலைப் போட்டு ஊற வை" என்றார் மாமியார்.

நேயர்களே, மாமியார் கட்சியில் சாஸ்திரமும் இருக்கிறது. ஓடும் ஜலம், பாத்திரத்தைத் தொடுமிடத்தில் ஓடுவதேயில்லை. அங்கே அதன் வேகம் பூஜ்யம். சற்று விலகிய பிறகே முழு வேகம் பெறுகிறது. இடையிலுள்ள இந்த மெல்லிய படலத்தின் இயல்பை, லுட்விக் பிராண்டில் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1904-ஆம் வருஷம் ஹைடல்பர்க் கணித மகாநாட்டில் விளக்கினார். சுழலும் மின்விசிறியின் இறக்கையில் தூசி தங்குவதற்கும் இதுவே முக்கிய காரணம். காற்றும் இறக்கையை ஒட்டிய இடத்தில் அதனோடு சேர்ந்தே சுற்றுகிறது.

ஆகவே, அழுக்கைப் பெயர்ப்பது நீரின் அளவு அன்று; பரப்பை உராய்ந்து இழுக்கும் விசையே. பரப்பின் அருகில் வேகம் எவ்வளவு சடுதியில் ஏறுகிறதோ, அவ்வளவு அந்த விசை வலுக்கும். நிதானமாகச் சரிக்கும் ஒரு குடத்தைவிட, விரைந்து பாயும் சிறு தாரை அதிகம் சாதிக்கும்.

பால் ஏட்டுக்கோ அதுவும் போதாது. சூட்டில் உருமாறிய புரதம் உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது. அது நீங்குவதைப் பொறியியலார் மூன்று கட்டமாகக் கணக்கிடுகிறார்கள்: முதலில் ஊறி உப்புதல், பிறகு ஒரே சீராக அரிபடுதல், கடைசியில் எஞ்சிய திட்டுக்கள் மெல்லக் கரைதல். உப்பவைப்பது காரம், விறகுச் சாம்பலில் அது உண்டு. பால் பண்ணைகளிலும் காரநீரைத்தான் குழாய்களில் விநாடிக்குச் சுமார் 1.5 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறார்கள்.

மூன்றாவது கட்டத்தில்தான் அபாயம். கண்ணுக்குச் சட்டி பளிச்சென்றிருக்கும். விரலுக்கு வழவழப்புத் தட்டும். அந்தத் திட்டில் கிருமிகள் பெருகினால் மறுநாள் பால் திரிந்துபோகும். பாலகர் வயிறும் கெடும்.

மழையை நம்பிக் கண்மாய் காக்கும் சீமையில் ஒவ்வொரு குடமும் ஒருத்தியின் இடுப்புச் சுமை. அன்று அரை நாழிகை ஊறிய சட்டி, இரண்டே செம்புத் தண்ணீரில் சுத்தமாயிற்று. மருமகள் விரலால் தடவிப் பார்த்துவிட்டே அதைக் கவிழ்த்து வைத்தாள்.